கண்ணாடியையும் அரிக்கும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம்: பயன்களும் பாதுகாப்பு முறைகளும்

ஆய்வகங்களில் அமிலங்களைக் கண்ணாடிக் குப்பிகளில் வைப்பதே வழக்கம். அவ்வழக்கத்துக்கு விதிவிலக்கானது ஹைட்ரோஃபுளூரிக் அமிலம். ஹைட்ரஜன் ஃபுளூரைடு நீரில் கரைந்து உண்டாகும் இந்த நிறமற்ற திரவம், கண்ணாடியிலுள்ள சிலிக்காவுடன் வினைபுரிந்து அதனை அரித்துவிடும். ஆகவே, பாலிஎத்திலீன் அல்லது டெஃப்லான் கொள்கலன்களிலேயே இது சேமிக்கப்படுகிறது.

ஃபுளூர்ஸ்பார் என்னும் கனிமத்துடன் அடர் கந்தக அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்குவதன் மூலம் ஹைட்ரஜன் ஃபுளூரைடு பெறப்படுகிறது. நீரற்ற நிலையில் இதன் கொதிநிலை சுமார் 19.5 டிகிரி செல்சியஸ் மட்டுமே. அதாவது, நமது நாட்டின் சாதாரண அறை வெப்பநிலையிலேயே இது வாயுவாகிவிடும். இதனை மின்னாற்பகுத்தே பிரான்ஸ் வேதியியலாளர் ஹென்றி முவாசான் 1886-இல் ஃபுளூரினைத் தனியே பிரித்தெடுத்தார். 1906-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

குளிர்பதன வாயுக்கள், டெஃப்லான், அணு எரிபொருள் தயாரிப்பில் இடம்பெறும் யுரேனியம் ஹெக்சாஃபுளூரைடு ஆகியவற்றின் உற்பத்திக்கு ஹைட்ரஜன் ஃபுளூரைடு அடிப்படையானது. துருப்பிடிக்காத எஃகைத் தூய்மைப்படுத்தவும், பாறை மாதிரிகளைக் கரைத்துப் பகுப்பாய்வு செய்யவும் இந்த அமிலம் பயன்படுகிறது. செமிகண்டக்டர் உற்பத்தியில் சிலிக்கான் தகடுகளின் மேலுள்ள ஆக்சைடு படலத்தை நீக்குவதற்கு மிகத் தூய அமிலம் தேவை. 2019 ஜூலையில் தென்கொரியாவுக்கு இதன் ஏற்றுமதியை ஜப்பான் கட்டுப்படுத்தியது இரு நாடுகளுக்கிடையே வர்த்தகப் பூசலாகவே மாறியது. குஜராத்தின் தோலேராவில் சிப் உற்பத்தி ஆலைக்கு 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்ட நிலையில், இந்த அமிலத்தைக் கையாளும் பயிற்சி இந்தியாவுக்கும் முக்கியமாகிறது.

வேதியியல் வகைப்பாட்டின்படி இது வலிமை குறைந்த அமிலம். அந்தப் பெயரே பலரை ஏமாற்றுகிறது. நீரில் முழுமையாக அயனிகளாகப் பிரியாததால்தான் இதன் மூலக்கூறுகள் தோலை எளிதில் ஊடுருவி உட்திசுக்களை அடைகின்றன. அங்கு ஃபுளூரைடு அயனிகள் உடலின் கால்சியம், மெக்னீசியத்துடன் பிணைகின்றன. இரத்தத்தில் கால்சியம் அளவு சரிந்து, இதயத்துடிப்பு சீர்குலைந்து மரணம்கூட நேரலாம். 20 சதவீதத்துக்கும் குறைவான செறிவுள்ள கரைசல் பட்டால், வலி தெரிய 24 மணி நேரம் வரை ஆகக்கூடும். வலியில்லை என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதே பெரும் ஆபத்து.

இதனைப் புகைபோக்கிப் பெட்டியின் உள்ளேயே, உடன் ஒருவர் இருக்கும்போது மட்டுமே கையாள வேண்டும். மெல்லிய லேடெக்ஸ் கையுறை போதுமானதல்ல. நியோப்ரீன் அல்லது பியூட்டைல் ரப்பர் கையுறையும், முகக் கவசமும், அமிலம் புகாத மேலங்கியும் அவசியம். சிந்திய அமிலத்தின்மீது மணலைக் கொட்டக்கூடாது. மணலும் சிலிக்காவே என்பதால், நச்சுத்தன்மை வாய்ந்த சிலிக்கான் டெட்ராஃபுளூரைடு வாயு வெளிப்படும். சுண்ணாம்பு போன்ற கால்சியம் சேர்மங்களே இதற்கு ஏற்றவை.

தோலில் பட்டால் உடைகளைக் களைந்து, உடனே ஓடும் நீரில் கழுவி, 2.5 சதவீத கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைக் கையுறை அணிந்து தொடர்ந்து தேய்க்க வேண்டும். ஜெல் இல்லையெனில் நீரில் கழுவுவதை நிறுத்தக்கூடாது. கண்ணில் பட்டால் ஜெல்லைத் தவிர்த்து, நீரால் மட்டுமே கழுவ வேண்டும். காயம் சிறிதாயினும் மருத்துவமனைக்குச் செல்வதும், பட்டது எந்த அமிலம் என்பதை மருத்துவரிடம் தெரிவிப்பதும் கட்டாயம்.

2012 செப்டம்பரில் தென்கொரியாவின் குமி நகர ஆலையில் ஹைட்ரஜன் ஃபுளூரைடு கசிந்து 5 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். சுற்றுப்புற வயல்களில் பயிர்கள் கருகின. இந்தியாவில், அபாயகரமான இரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி தொடர்பான 1989-ஆம் ஆண்டு விதிகளின் பட்டியலில் இப்பொருள் இடம்பெற்றுள்ளது. கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லுக்கும் காலாவதித் தேதி உண்டு என்பதால், ஆய்வகங்கள் தங்கள் இருப்பை அவ்வப்போது சரிபார்த்து மாற்ற வேண்டும்.