மாரிக் கணக்கு: புளியந்தீவில் மின்கல அடுக்கின் அளவு

2022 மார்ச் இறுதியில் இலங்கையின் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலத்தை எட்டியபோது, மின்பிறப்பாக்கி வைத்திருந்தவர்களும் டீசலுக்கு அலைந்தார்கள். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதும் மின்சாரத்தை நிறுத்தியது. அது நல்ல வெயில் நேரம். ஆனாலும் கூரையில் சூரியப்படல் பூட்டியிருந்த பல வீடுகளில் மின்விசிறி சுழலவில்லை. கம்பியில் வேலைசெய்பவரின் உயிரைக் காக்க, மின்வலையமைப்போடு மட்டும் இணைந்த இன்வேட்டர் வெளிமின் நின்றதும் தானும் நின்றுவிடும்.

இந்த இரண்டு அனுபவங்களுக்குப் பிறகு பற்றரி வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது, "எத்தனை மணித்தியாலம் தாங்கும்?" என்பதுதான். மட்டக்களப்பு வாவிக்குள் கிடக்கும் புளியந்தீவுக்கு இது முதற்கேள்வியாக இருக்கக் கூடாது என்பது என் வாதம். இறங்கிய மின்கல அடுக்கு மாரியில் எப்படித் திரும்ப ஏறும் என்பதிலிருந்தே அதன் அளவைக் கணிக்க வேண்டும்.

12 வோல்ற்று, 150 அம்பியர்-மணி ஈய-அமிலப் பற்றரிகள் இரண்டைத் தொடராக இணைத்தால் பெயரளவில் 3.6 கிலோவாற்று மணி கிடைக்கும். ஆயுள் குறையாமல் எடுக்கக்கூடியது அதில் பாதி. ஒரு மின்விசிறியும் நாலு விளக்குகளுமாக 100 வாற்று சுமைக்கு, இன்வேட்டரின் இழப்புப் போக, ஏறத்தாழ 15 மணித்தியாலம் ஓடும். திருப்தியான கணக்குத்தான். ஆனால் எடுத்ததைத் திரும்ப ஏற்ற 15 அம்பியர் மின்னோட்டத்தில் ஆறு மணித்தியாலம் வேண்டும். பிறகு மின்னோட்டம் மெல்ல மெல்லத் தணியும் கடைசிக் கட்டத்துக்கு இன்னும் மூன்று, நாலு மணித்தியாலம். அந்தக் கடைசிக் கட்டத்தை அவசரப்படுத்த முடியாது. அதை விட்டுவிட்டால் தகடுகளில் ஈயச் சல்பேற்று பளிங்காக இறுகிவிடும். 1.265 காட்ட வேண்டிய அமிலத்தின் சாரடர்த்தி, நாள் முழுக்க ஏற்றிய பிறகும் 1.220இலேயே நிற்கும். வெளியில் பற்றரி புதிதுபோலத்தான் இருக்கும். உள்ளே கொள்ளளவு போய்விட்டிருக்கும்.

இனிப் பருவத்தைப் பார்ப்போம். கிழக்கின் பெருமழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெயிலுக்குக் குறைவில்லை. மாரியிலோ கருமுகில் மூடிய நாளில் படலின் உற்பத்தி வெயில் நாளின் நாலில் ஒன்றுக்கும் கீழே விழக்கூடும். ஒரு நாளில் ஏறிய அடுக்குக்கு அப்போது நாலைந்து நாள் தேவைப்படும். மின்கம்பங்களைச் சாய்க்கும் புயலும் இதே மாதங்களில்தான் வரும். மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி 1978 நவம்பர் 23 அன்று அடித்தது. நீண்ட இருட்டும் குறைந்த வெயிலும் இங்கே சேர்ந்தே வருவதால், ஆண்டுச் சராசரி வெயிலை வைத்துப் போடும் கணக்கு மிகவும் தேவைப்படும் வாரத்தில் கைவிட்டுவிடும்.

பற்றரியை இரட்டித்தால் போதாதா? படலைக் கூட்டாமல் பற்றரியை மட்டும் கூட்டினால், முழுதாக ஏறாத கலங்களின் எண்ணிக்கைதான் கூடும். இலிதியம் இரும்பு பொஸ்பேற்றுக் கலங்களை முன்வைப்பவர்களின் மறுப்பு இதைவிட வலுவானது. அவை அரைகுறை ஏற்றத்தால் சல்பேற்றுப் படிந்து கெடுவதில்லை. எடுக்கக்கூடிய பங்கும் பெரிது. விலை தாங்குமானால் நானும் அவற்றையே பரிந்துரைப்பேன். ஆனால் வானம் மூடியிருந்தால் அவையும் வெறுமையாகத்தான் கிடக்கும். வெயில் மின் மிஞ்சும் காலமும் உண்டு: 2025 ஏப்ரல் 13 முதல் 21 வரை, புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்ததால், கூரைப்படல்களைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டது. வீட்டு மின்கல அடுக்கால் பகலின் மின்னை இரவுக்குக் கொண்டுபோக முடியும். சித்திரையின் மிகுதியை மார்கழிக்குக் கொண்டுபோக முடியாது.

அடுக்கு மட்டும் நீண்ட இருட்டுக்குப் போதாது என்பதைப் பெரிய அடுக்கு ஒன்றும் காட்டுகிறது. அலாஸ்காவின் பெயார்பாங்ஸில் 2003இல் நிறுவப்பட்ட அடுக்கில் 13,760 நிக்கல்-கட்மியக் கலங்கள். அது 27 மெகாவாற்றை 15 நிமிடம் தரும்படி அமைக்கப்பட்டது. மின்பிறப்பாக்கிகள் இயங்கத் தொடங்கும்வரை நகரைத் தாங்கிப் பிடிப்பதே அதன் வேலை.

புளியந்தீவில் போதனா வைத்தியசாலையும் பாடசாலைகளும் கடைகளும் நெருக்கமாக இருக்கின்றன. ஆளுக்கொரு சிறு அடுக்கை அரைகுறையாக ஏற்றுவதைவிட, அயல் கட்டடங்கள் சில சேர்ந்து ஓர் அடுக்கையும் அதை ஏற்ற ஒரு சிறு மின்பிறப்பாக்கியையும் வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. விளக்குச் சுமைக்கு நாள் முழுக்க ஓடி டீசலைக் கரைக்கும் இயந்திரம், பற்றரியை ஏற்ற மட்டும் ஓடினால் அதைவிட முன்னதாகவே நிறுத்தப்படலாம். அடுக்கை வெள்ளம் எட்டாத மேல்மாடியில், காற்றோட்டமுள்ள நிழலில் வைக்க வேண்டும். தகரக் கூரையின் நேர்கீழே வைக்கக் கூடாது, ஏனெனில் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகையும் ஈய-அமிலக் கலத்தின் ஆயுளை ஏறத்தாழப் பாதியாக்கும். வாவியின் உப்புக்காற்றில் முனைகளில் பூக்கும் வெண்பச்சைப் படிவை மாதமொருமுறை துடைத்துக் கிரீஸ் பூச வேண்டும். புயல் எச்சரிக்கை வந்த அன்றே, வெளிமின் இருக்கும்போதே, அடுக்கைக் கடைசிக் கட்டம்வரை ஏற்றி முடித்துவிட வேண்டும். வெளிமின் நின்ற பிறகு, சேர்ந்த கட்டடங்களில் தடுப்பூசிக் குளிர்பெட்டி இருந்தால், அது 2 முதல் 8 பாகைக்குள் நிற்பதற்கு அடுக்கின் மின்னை முதலில் ஒதுக்க வேண்டும்.