வெறுந்தந்திக்கும் ஓர் இடம்

வித்துவானும் கத்துக்குட்டியும் ஒரே மேடையில் வாசிப்பதாயின், ஒன்றில் வித்துவான் தன் வித்தையைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அல்லது கத்துக்குட்டி சத்தமின்றி இருக்க வேண்டும் என்பது பலருடைய எண்ணம். நான் படித்த மிஷன் பாடசாலையின் வாத்தியக் கோஷ்டியிலே கடைசி வரிசையில் வயலினுடன் நின்றவர்களுள் நானும் ஒருவன். பரிசளிப்பு விழாவன்று வில்லைத் தந்தியிற் படாமல் அசைக்கும்படி எங்களுக்குக் கட்டளை. சபையோர் கைதட்டினர், யாருக்காகத் தட்டினர் என்பது எங்களுக்குத் தெரியும். அன்றைய வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம் என்றால் பெரியோர் சிரிக்கமாட்டார்கள் என நம்புகிறேன்.

இங்கிலாந்தின் இசைவரலாற்றிலே இதற்கு மறுமொழி சொன்னவர் சிலர் உளர். முதலிற் குறிப்பிட வேண்டியவர் குஸ்ரவ் ஹோல்ஸ்ற். 1907 இல் இவர் இலண்டன் மோர்லிக் கல்லூரியின் இசைப்பகுதியைப் பொறுப்பேற்றார். அது பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் வரும் ஆண்களும் பெண்களும் படித்த இடம். அவர்களைக் கொண்டே 1911 இல், பேர்செல் என்பார் இயற்றிய 'தேவதைகளின் அரசி' என்னும் நாடகத்தின் இசையை அரங்கேற்றினார். 1692 இல் முதன்முதல் மேடையேறிய அந்நாடகத்தின் இசையேடு இருநூறு ஆண்டுகள் காணாமற் போயிருந்து பின்னர் அகப்பட்டது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் வேண்டிய பிரதிகளை மாணவர்களே கையால் எழுதினர். திறமாக வாசிக்க வராதவனும் பிரதி எழுதலாம் அல்லவா?

ஹோல்ஸ்றின் ஆப்த நண்பர் வோன் வில்லியம்ஸ். சிம்பொனிகள் இயற்றிப் பெரும்புகழ் ஈட்டிய இவர், 1905 முதல் 1953 வரை லீத் ஹில் என்னுமிடத்து இசைவிழாவிலே கிராமப் பாடகர்களை நடத்திவந்தவர். அக்காலத்தில், 1929 இல், மேரி இபர்சன் என்ற அம்மையார் ஹேட்போட்சயரிலே கிராமிய இசைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதன்வழி வளர்ந்த கிராமிய இசைப்பள்ளிச் சங்கத்துக்கென 1950 இல் வோன் வில்லியம்ஸ் ஒரு 'கொன்சேர்ற்றோ குறொஸ்ஸோ' எழுதிக் கொடுத்தார். பெயர் இத்தாலியருடையது. கொறெல்லி முதலானோர் காலத்தில், சிறு குழுவொன்றும் பெருங் குழுவொன்றும் மாறிமாறியும் சேர்ந்தும் வாசிப்பதற்கென எழுந்த உருவம் அது. கடினமானவை பெரும்பாலும் சிறு குழுவின் பங்கு.

வோன் வில்லியம்ஸ் இரண்டை மூன்றாக்கினார். முதற் குழுவினர் தேர்ந்தவர்கள். இரண்டாங் குழுவினர், இடக்கையை வயலினின் கழுத்திலே சற்று மேலேற்றி வாசிக்கவும், இரு தந்திகளை எளிய முறையில் ஒருங்கே ஒலிக்கவும் பழகியவர்கள். மூன்றாவதுதான் புதுமை. பழக்கம் குறைந்தவர்க்கான அக்குழுவிலே, விரலே வைக்காமல் வெறுந்தந்திகளை மட்டும் ஒலிக்க விரும்புவோரும் சேரலாம்!

மேனாட்டார் வயலினின் அடுத்தடுத்த தந்திகளைச் சட்ஜ பஞ்சம உறவிலே சேர்ப்பர். ஆகவே விரல் வைக்காத இரு தந்திகளை ஒருங்கே இழுத்தாலும் அபசுரம் பிறவாது. இந்நாடியை அறிந்து, இரண்டாம் பகுதியை வெறுந்தந்திகளின் ஒலிமேலேயே எழுப்பினார் ஆசிரியர். நமது தம்புராவை எண்ணிப் பாருங்கள். அதை மீட்டுபவனும் விரல் வைத்துச் சுரம் பிடிப்பதில்லை. ஆனால் அது நின்றால் பாடகர் தவித்துப்போவார். வல்லாருக்கு எழுதுவோன் தான் விரும்பியவாறு எழுதலாம். நான்கே சுரம் அறிந்தவனுக்கு எழுதுவோன், அந்நான்கும் பொருந்தும் இடத்துக்குப் பாட்டையே அழைத்துவர வேண்டும். எனது சிறுமதிக்கு இரண்டாவதே கடினமான வித்தையாகத் தோன்றுகிறது. அதைச் செய்தபோது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது.

1950 நவம்பர் 18 ஆந் திகதி, இலண்டன் ரோயல் அல்பேட் மண்டபத்திலே, ஏட்ரியன் போல்ற் நெறிப்படுத்த, ஏறத்தாழ 400 பேர் சேர்ந்து அதை வாசித்தனர். வில்லைப் பொய்யாக அசைக்கும்படி எழுதிய பங்கு அதில் ஒன்றேனும் இல்லை.

எட்டாண்டுகளின் பின், 1958 யூன் 18 இல், ஓர்போட் என்னும் ஊர்த் தேவாலயத்திலே பெஞ்சமின் பிரிற்றனின் 'நோவாவின் வெள்ளம்' அரங்கேறியது. நோவா பேழை கட்டித் தப்பிய கதை மிஷன் பாடசாலையிற் படித்த எவருக்கும் மனப்பாடம். வாசித்தவருள் தொழில்முறைக் கலைஞர் சிலரே. ஏனையோர் அயலூர்ப் பள்ளிப் பிள்ளைகள். வயலின் பங்கு இங்கும் மூன்று தரமாக அமைந்தது. விலங்குகள் பேழைக்குள் நுழையும்போது எக்காளம் ஊதப் பிள்ளைகள். கைமணி அடிக்கவும் பிள்ளைகள். பாசுரங்கள் வரும் இடங்களிலே சபையோரும் எழுந்து பாடவேண்டும்.

முதல் மழைத்துளியின் ஒலிக்கு என்ன செய்வது என்று பிரிற்றன் தேடிக்கொண்டிருந்தார். ஹோல்ஸ்றின் மகள் இமோஜன் அப்பொழுது அவருக்கு உதவியாளர். யுத்தகாலத்தில் கிராமப் பெண்களுக்கு வாத்தியம் பழக்கிய அனுபவம் அவருக்கு உண்டு. அவர் பிரிற்றனைச் சமையலறைக்கு அழைத்துச் சென்று, பீங்கான் கோப்பைகளைக் கயிற்றிலே தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டிக் காட்டினாராம். மழை பிறக்குமிடத்தில் அந்தக் கோப்பைகளே ஒலிக்கின்றன. தட்டும் பிள்ளை கைதவறினால் மழை தொடங்காது. தட்டுவதுபோற் பாவனை செய் என்று அப்பிள்ளையிடம் எவராலும் சொல்ல முடியாது.