ஈயக் கப்பலும் பற்றவைப்புக் கலையும்

சுங்கை சிப்புட்டுக்குத் தெற்கே, கிந்தா பள்ளத்தாக்கில், வெள்ளீயம் வாரிய தஞ்சோங் துவாலாங் ஐந்தாம் எண் ஈயக் கப்பல் இன்றும் நிற்கிறது. 1938-இல் கட்டப்பெற்ற, 4,500 டன் எடையுள்ள இக்கப்பல், 1982 வரை 44 ஆண்டுகள் உழைத்தது. இந்நீண்ட வாழ்வு எவ்வாறு வாய்த்தது? கட்டிய திறத்தால் மட்டுமன்று, பேணிய திறத்தாலுமாம்.

மணலும் கல்லும் வாரும் வாளிகளின் விளிம்புகள் ஓயாது தேய்வன. ஆதலின் இத்தகைய கப்பல்களின் வாளிகளுக்கு, 1882-இல் ஆங்கிலேயர் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்ட மாங்கனீசு எஃகைப் பயன்படுத்தினர். அடிபட அடிபட மேற்பரப்பு இறுகுவது இதன் இயல்பு. தேய்ந்த இடத்தைப் பற்றவைத்து நிரப்பலாம். ஆனால், மிகச் சூடேறி மெல்ல ஆறினால் எஃகு நொறுங்கும் தன்மை பெறும். எனவே, சிறிது பற்றவைத்து, ஆறவிட்டு, மீண்டும் தொடர்தல் வேண்டும்.

பேராக்கின் ஈய வரலாற்றை எழுதுவோர், முதலாளிகளோடு இப்பொறுமை மிக்க பட்டறைத் தொழிலாளரையும் எழுதுதல் கடனாம்.