ஆழத்துக்கு நகரும் அறை: கீசா நிலத்தடிக் கோட்பாடுகளின் வரலாறு

எகிப்தின் பழஞ்சின்னங்களுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத அறைகள் உண்டு என்ற எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதல்ல. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்ற கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், ஹவாராவில் இருந்த மாபெரும் கட்டடத்தில் 3,000 அறைகள் இருந்ததாக எழுதினார். அவற்றில் பாதி நிலத்துக்கு மேலே, பாதி கீழே. மேலறைகளைத் தாமே பார்த்ததாகவும், கீழறைகளைக் காட்டக் காவலர்கள் மறுத்துவிட்டதாகவும் குறிப்பிடுகிறார். குஃபுவின் பிரமிடுக்கு அடியில், நைல் நீர் சூழ்ந்த தீவு ஒன்றில் மன்னன் புதைக்கப்பட்டான் என்று கேள்விப்பட்டதையும் அவர் பதிவு செய்தார். மறைவறையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய சாட்சியமே, ‘உள்ளே விடவில்லை’ என்பதாகத்தான் இருக்கிறது.

இந்த நம்பிக்கையை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. எகிப்தியர் பாறைக்கு அடியில் குடைந்தவர்கள்தாம். சக்காராவில் ஜோசர் மன்னனின் படிக்கட்டுப் பிரமிடுக்குக் கீழே ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்க வழிகள் ஓடுகின்றன. குஃபுவின் பிரமிடுக்கு அடியிலும் சுமார் 30 மீட்டர் ஆழத்தில், வேலை முடியாமல் விடப்பட்ட அறை ஒன்று உண்டு. ஆகவே, நிலத்தடியில் அறை இருக்க முடியுமா என்பது கேள்வியே அல்ல. இன்ன இடத்தில், இன்ன ஆழத்தில், இன்னார் காலத்து அறை இருக்கிறது என்று சொல்பவர் எதைச் சான்றாக வைக்கிறார், அந்தச் சான்றைச் சோதிக்க வழி விடுகிறாரா என்பதே கேள்வி. காலந்தோறும் இந்த அறை எங்கெங்கே இருப்பதாகச் சொல்லப்பட்டது என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு போக்கு புலப்படுகிறது: சோதனைக் கருவி எட்டிய இடத்தை விட்டு அறை நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

தொடக்கத்தில் அது கீசாவின் ஸ்பிங்க்ஸ் சிலையின் உடலுக்குள்ளேயே இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி, அந்தச் சிலைக்குள் ஓர் அரசன் புதைக்கப்பட்டிருப்பதாக மக்கள் நம்பியதைக் குறிப்பிடுகிறார். இடைக்கால அரபு நூல்களில் வேறொரு கதை வளர்ந்தது. பெருவெள்ளத்தை முன்கூட்டியே அறிந்த சூரித் என்ற அரசன், உலகின் அறிவையெல்லாம் காப்பாற்றி வைக்கப் பிரமிடுகளைக் கட்டினான் என்பது அந்தக் கதை. அல்-மக்ரீஸி போன்றோர் இதை எழுதி வைத்தனர். புதையல் அறை அறிவுக் களஞ்சியமாக மாறிய இடம் இதுதான். இன்றைய கோட்பாடுகளின் உள்ளடக்கம் பெரும்பாலும் இங்கிருந்து வந்தது என்பதே என் கருத்து.

ஸ்பிங்க்ஸின் உடலுக்குள் அறை உண்டா என்பதை ஹோவர்ட் வைஸ் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1837-ல் முரட்டுத்தனமாகச் சோதித்தார். சிலையின் முதுகில் துளையிட்டார். ஏறக்குறைய எட்டு மீட்டர் இறங்கியதும் துளைக்கருவி சிக்கிக்கொள்ள, அதை எடுக்க வெடிமருந்து வைத்தார். உள்ளே இருந்தது பாறை மட்டுமே. நாலரை ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள சிற்பத்துக்கு இழைக்கப்பட்ட இந்தச் சேதம் மன்னிக்க முடியாதது.

உடலுக்குள் இல்லை என்றானதும், அறை பாதத்துக்கு அடியில் இறங்கியது. அமெரிக்காவின் கென்டக்கியில் பிறந்த எட்கர் கேய்சி (1877–1945), உறக்கம் போன்ற நிலையில் படுத்தபடி கேள்விகளுக்கு விடை சொன்னவர். கடலில் மூழ்கிய அட்லாண்டிஸிலிருந்து தப்பி வந்தவர்கள் கி.மு. 10,500 அளவில் தங்கள் வரலாற்றை எழுதி ஒரு ‘ஆவணக் கூடத்தில்’ வைத்தார்கள் என்றும், ஸ்பிங்க்ஸின் வலது முன்பாதத்தருகே அதற்கு வழி இருக்கிறது என்றும் அவர் சொன்னார். இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அது திறக்கும் என்று அவரைப் பின்பற்றியோர் எதிர்பார்த்தனர்.

கேய்சியின் வழிவந்தோரைப் பற்றி எழுதுபவர்கள் அவர்களுடைய நேர்மையைப் பாராட்ட மறந்துவிடுகிறார்கள். அவர்கள் தங்கள் நம்பிக்கையைச் சோதிக்கப் பணம் கொடுத்தார்கள். 1970-களில் மார்க் லேனர் என்ற அமெரிக்க இளைஞர் அவர்களுடைய ஆதரவுடன் கெய்ரோவுக்குப் படிக்க வந்தார். 1974-ல் கேய்சியின் கூற்றுகளை எகிப்திய வரலாற்றோடு பொருத்திக் காட்டும் நூலையும் எழுதினார். அதே பத்தாண்டில் எஸ்.ஆர்.ஐ. என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஸ்பிங்க்ஸைச் சுற்றி மின்தடை அளவீடும் ஒலியலைச் சோதனையும் செய்தது. கருவிகள் மாறுபாடு காட்டிய இடங்களில் 1978-ல் துளையிட்டுப் பார்த்தார்கள். கிடைத்தவை இயற்கையான பொந்துகள். சுண்ணாம்புப் பாறையை நீர் அரிக்கும்போது இப்படிப் பொந்துகள் உண்டாவது வழக்கம்.

அடுத்த சோதனை இன்னும் கடுமையானது. பிரமிடுகளின் கற்களுக்கு இடையே உள்ள சாந்தில் கரித்துகள்கள் கலந்திருக்கின்றன. அவற்றைச் சேகரித்துக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பும் திட்டம் 1984-ல் நடந்தது. இதற்கும் கேய்சி அறக்கட்டளை வட்டாரத்தின் நிதி உதவியது. முடிவுகள் வழக்கமான காலக்கணக்கைவிடச் சராசரியாக 374 ஆண்டுகள் மூத்திருந்தன. 1995-ல் விரிவாகத் திரும்பச் செய்தபோது இடைவெளி நூறு முதல் இருநூறு ஆண்டுகளாகச் சுருங்கியது. சாந்தைக் காய்ச்ச எரித்த விறகில் பழைய மரமும் கலந்திருக்கலாம் என்பது அந்த வேறுபாட்டுக்குத் தரப்படும் விளக்கம். எப்படியானாலும் கி.மு. 10,500-க்கு அருகில் எந்த எண்ணும் வரவில்லை. லேனர் தாம் கொண்டுவந்த நம்பிக்கையைக் கைவிட்டார். ஸ்பிங்க்ஸைக் கல் கல்லாக அளந்து வரைபடமாக்கினார். பின்னர் பிரமிடுகளுக்குத் தெற்கே, அவற்றைக் கட்டிய தொழிலாளர்களின் ஊரை அகழ்ந்தெடுத்தார். அங்கே ரொட்டி சுட்ட அடுப்புகளும் மாட்டெலும்புகளும் குவிந்து கிடந்தன. இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்க்கும் மனிதர் அவரே.

1990-களின் அலையில் இந்த நேர்மை குறைந்தது. பாஸ்டன் பல்கலைக்கழக நிலவியலாளர் ராபர்ட் ஷாக், ஸ்பிங்க்ஸைச் சூழ்ந்த பாறைச் சுவர்களின் தேய்மானத்துக்கு மழையே காரணம், எனவே சிலை வழக்கமான காலக்கணிப்பைவிடப் பல ஆயிரம் ஆண்டுகள் மூத்தது என்று 1991-ல் வாதிட்டார். அவருடன் சென்ற தாமஸ் டோபெக்கி, முன்பாதங்களுக்கு அடியில் ஐந்து மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில், ஏறத்தாழ 9-க்கு 12 மீட்டர் அளவில் ஒரு வெற்றிடத்தின் அறிகுறி இருப்பதாகச் சொன்னார். உப்புப் படிகங்கள் வளர்ந்து கல்லை உதிர்ப்பதே தேய்மானத்துக்குக் காரணம் என்று ஸ்பிங்க்ஸின் பாறையை ஆராய்ந்த லால் கௌரி மறுத்தார். இந்த விவாதம் நிலவியலாளர்களிடையே நின்றிருந்தால் நல்லது. 1993-ல் அது தொலைக்காட்சிப் படமானது; கிரகாம் ஹேன்காக், ராபர்ட் போவல் ஆகியோரின் நூல்கள் கேய்சியின் கூடத்தைப் புதிய தலைமுறைக்கு எடுத்துச் சென்றன. எதிர்பார்த்த நூற்றாண்டு இறுதி வந்தது, போனது. கூடம் திறக்கவில்லை. மன்னன் காஃப்ரேயின் பிரமிடுக்குச் செல்லும் நடைபாதைக்கு அடியில், சுமார் 30 மீட்டர் ஆழமுள்ள செங்குத்துக் குழி 1999-ல் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டப்பட்டது. 1930-களிலேயே எகிப்தியத் தொல்லியலாளர் செலிம் ஹசன் அறிந்திருந்த இடம் அது. அதன் அடித்தளத்தில் கல் ஈமப்பேழையும் நிலத்தடி நீரும் இருந்தன.

அந்த நீர் முக்கியமான சான்று. ஸ்பிங்க்ஸ் நிற்கும் தரையிலிருந்து சில மீட்டர் ஆழத்திலேயே நிலத்தடி நீர் நிற்கிறது. சிலையைக் காப்பாற்ற நீரிறைக்கும் குழாய்கள் அமைக்க வேண்டியிருந்தது. ஆழமான அறை எதுவாயினும் அது இன்று நீருக்குள்தான் இருக்க வேண்டும்.

உண்மையான ஆவணங்களோ 2013-ல் செங்கடற்கரையில் கிடைத்தன. வாதி அல்-ஜர்ஃப் என்ற பழைய துறைமுகத்தில் பிரெஞ்சு ஆய்வாளர் பியர் தாலே கண்டெடுத்த பாப்பிரஸ் சுருள்கள் குஃபு காலத்தவை. மெரெர் என்ற மேற்பார்வையாளர் தம் குழுவோடு துராவில் சுண்ணாம்புக் கல்லை ஏற்றி, படகில் கீசாவுக்குக் கொண்டு சேர்த்ததை நாள்வாரியாக எழுதியிருக்கிறார். குஃபுவின் பிரமிடு எழும்பிய காலத்தில், அந்த வேலையில் இருந்தவரே எழுதிய பதிவு இது. அட்லாண்டிஸ் கூடத்தைப் பற்றிய காணொளிகளைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு மெரெரின் பெயர் தெரியும் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

2025 மார்ச்சில் அறை மீண்டும் நகர்ந்தது, இம்முறை வெகு ஆழத்துக்கு. கொராடோ மலாங்கா, பிலிப்போ பியோண்டி, அர்மாந்தோ மெய் ஆகிய ஆய்வாளர்கள் காஃப்ரே பிரமிடுக்கு அடியில் எட்டு உருளைத் தூண்கள் 648 மீட்டர் வரை இறங்குவதாகவும், அவற்றின் கீழே 80 மீட்டர் அளவில் இரண்டு கனசதுரங்கள் இருப்பதாகவும் அறிவித்தனர். பிரமிடின் தொடக்க உயரமே சுமார் 143 மீட்டர்தான். செயற்கைக்கோள் ராடார் பாறையை ஊடுருவுகிறது என்று அவர்கள் சொல்லவில்லை; மேற்பரப்பின் நுண்ணதிர்வுகளைப் பதிவு செய்து, கணக்கீட்டின் வழியே உள்ளமைப்பை வருவித்ததாகச் சொல்கிறார்கள். சிக்கல் அங்கேதான். ஒரே மேற்பரப்பு அதிர்வைப் பல்வேறு உள்ளமைப்புகள் தர முடியும். ஏற்கெனவே உள்ளமைப்புத் தெரிந்த இடத்தில், விடையை மறைத்து வைத்து, இந்த முறையைப் பலமுறை சோதித்த பிறகே தெரியாத இடத்துக்கு வர வேண்டும். அறிவிப்பு வந்தபோது அதற்குத் துறை வல்லுநர்களின் மதிப்பாய்வும் இல்லை.

ஒரு வெற்றிடத்தை எப்படி அறிவிக்க வேண்டும் என்பதற்கு அதே கீசா மேட்டிலேயே முன்மாதிரி உண்டு. காஃப்ரே பிரமிடில் இயற்பியலாளர் லூயிஸ் ஆல்வரெஸ் விண்கதிர்த் துகள்களைக் கொண்டு தேடி, தாம் பார்த்த பகுதியில் மறைவறை இல்லை என்று 1970-ல் வெளிப்படையாக எழுதினார். அதே முறையை வளர்த்தெடுத்த ஸ்கேன்பிரமிட்ஸ் குழு, குஃபு பிரமிடின் பெரிய கூடத்துக்கு மேலே குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள வெற்றிடத்தை 2017-ல் அறிவித்தது. ஜப்பானின் இரு குழுக்களும் பிரான்சின் ஒரு குழுவும் மூன்று வெவ்வேறு உணரிகளால் தனித்தனியே அளந்து ஒத்த முடிவுக்கு வந்த பிறகே அது ‘நேச்சர்’ இதழில் வெளியானது. வடமுகத்தில் அவர்கள் கணித்த ஒன்பது மீட்டர் நடைவழியை 2023-ல் நுண்கேமரா செலுத்திக் கண்ணாலேயே உறுதிசெய்தார்கள். 648 மீட்டர் தூண்களைக் கண்டதாகச் சொல்பவர்கள் தங்கள் மூலத் தரவையும் கணக்கீட்டு நிரலையும் வேறு குழுக்களிடம் ஒப்படைக்க வேண்டும். அதுவரை அந்தப் படங்களை யாரும் சான்றாகப் பாடநூலிலோ செய்தியிலோ எடுத்தாளக் கூடாது.