மணிக்கட்டில் கட்டிய பென்சில்கள்

1960-ல் யூரி ககாரினோடு விண்வெளிப் பயிற்சிக்குத் தேர்வான இருபது சோவியத் விமானிகளில் அலெக்ஸி லியோனவும் ஒருவர். சிறுவயதிலிருந்தே அவருக்கு ஓவியத்தின் மேல்தான் பித்து.

1934-ல் சைபீரியாவின் லிஸ்த்வியங்கா கிராமத்தில் பிறந்தவர். பிள்ளைகள் நிறைந்த வீடு. ஸ்டாலின் காலத்தில் தந்தை சிறைக்குப் போய் மீண்டவர். ரீகா நகரில் ஓவியம் படிக்க ஆசைப்பட்டார் லியோனவ். அங்கே தங்கிப் படிக்கக் காசில்லை. விமானப்படைப் பள்ளிக்குப் போனார். 1957-ல் தேறிப் போர் விமானியானார்.

1965 மார்ச் 18. வஸ்கோத்-2 கலத்தில் தளபதி பவெல் பெல்யாயெவ் அமர்ந்திருக்க, காற்றடைத்து விரித்த குழாய் போன்ற சிற்றறை வழியே லியோனவ் வெளியேறினார். அதற்கு முன் மனிதர் எவரும் வெற்றுவெளியில் அப்படி மிதந்ததில்லை. மொத்தம் 12 நிமிடம் 9 நொடி.

திரும்பும்போதுதான் சோதனை. வெளியே காற்றழுத்தமே இல்லாததால், உள்ளிருந்த காற்று உடையை உப்பவைத்துவிட்டது. கையுறையிலிருந்து விரல்கள் விலகின. காலணியிலிருந்து பாதங்கள் நழுவின. அந்த உருவத்தோடு சிற்றறைக்குள் நுழைய முடியாது. வால்வைத் திறந்து உடையிலிருந்த காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டார். அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைந்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி உயிரைக் குடித்துவிடும். தரையிலிருந்தவர்களிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பதறுவார்கள் என்று நினைத்ததாகப் பின்னாளில் சொன்னார். ஒற்றை ஆளாகப் போர் விமானம் ஓட்டிய பழக்கம்தான் அந்த நேரத்தில் அவரைக் காப்பாற்றியது என்றே நான் நம்புகிறேன்.

கால் முதலில் நுழைய வேண்டிய அறைக்குள் தலையை நுழைத்தார். அந்த இடுக்கிலேயே உடம்பை மடக்கித் திரும்பிக் கதவைச் சாத்தினார். உள்ளே வந்து மூச்சு ஆறியதும், மணிக்கட்டுப் பட்டையில் நூலால் கட்டி வைத்திருந்த வண்ணப் பென்சில்களை எடுத்தார். சற்றுமுன் கண்ட சூரியோதயத்தை வரைந்தார். விண்வெளியில் மனிதன் வரைந்த முதல் படம் அது.

மறுநாள் தானியங்கி இறக்கும் கருவி கைவிட்டது. பெல்யாயெவ் கையாலேயே கலத்தை இறக்கினார். விழுந்த இடம் பெர்ம் பகுதியின் அடர்ந்த பனிக்காடு. ஹெலிகாப்டர் இறங்க வழியில்லை. இரண்டு இரவுகள் குளிரில் கழித்து, மீட்க வந்தவர்களோடு பனிச்சறுக்குக் கட்டைகளில் வெளியே வந்தார்கள்.

1971-ல் சோயுஸ்-11 கலத்துக்கு லியோனவ்தான் தளபதியாகப் போயிருக்க வேண்டும். உடன் செல்ல வேண்டியவரின் நுரையீரலில் ஏதோ புள்ளி தெரிகிறது என்று குழுவையே மாற்றினார்கள். மாற்றாகப் போன மூவரும் திரும்பும் வழியில், கலத்தின் காற்று கசிந்து இறந்தார்கள். அதன் பிறகும் லியோனவ் பயிற்சியை விடவில்லை.

1975 ஜூலை 17 அன்று, பனிப்போரின் நடுவே, அமெரிக்க அப்பல்லோவும் சோவியத் சோயுஸும் விண்ணில் இணைந்தன. அமெரிக்க விமானப்படை விமானி டாம் ஸ்டாஃபோர்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார் லியோனவ். அந்தப் பயணத்துக்கும் பென்சில்கள் கூடப் போயிருந்தன. ஸ்டாஃபோர்டின் முகத்தை வரைந்து, அதைக் கேமராவுக்கு எதிரே தூக்கிக் காட்டினார்.