இர் என்றால் இரண்டு இல்லை

பெண்ணாடத்தில் தமிழ் வழியில் பன்னிரண்டாவது முடித்துவிட்டு, தினமும் ரயிலேறி விருத்தாசலத்தில் வேதியியல் படிக்கப் போனேன். முதல் வருஷத் தேர்வில் எத்திலீன் ஆக்சைடு, எபாக்சி ஈத்தேன், ஆக்சிரேன் மூன்றையும் மூன்று பொருள் என்று நினைத்து மூன்று பதில் எழுதினேன். மூன்றும் ஒன்றுதான். ஊசி உறைகளில் கிருமி நீக்கியதாக அச்சடித்திருப்பார்களே, அந்த வாயு.

ஏன் இத்தனை பெயர்? 1859இல் வூர்ட்ஸ் இதைச் செய்தபோது, எதிலிருந்து வந்ததோ அதன் பெயரைச் சூட்டுவதே வழக்கம். கார்பன் மட்டுமே உள்ள சின்ன வளையங்கள் அப்புறம்தான் வந்தன. அவ்வளவு இறுக்கமாகக் கார்பனை வளைக்க முடியாது என்றே பெரிய வேதியியலாளர்கள் நினைத்தார்கள். 1881இல் ஃப்ராய்ண்ட் மூன்று கார்பன் வளையத்தைச் செய்தார். சில வருஷத்தில் பேயரின் மியூனிக் ஆய்வகத்தில் இளைய பெர்கின் நாலு கார்பன் வளையத்தையும் கட்டினார். 1885இல் பேயர் காரணம் சொன்னார்: 109.5 பாகையில் நிற்க வேண்டிய பிணைப்பு 60 பாகைக்கு மடங்குகிறது, அதனால் திரிபு. விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் கோப்பைக்குக் கைப்பிடி வளைப்பவரைக் கேட்டால், "ரொம்ப வளைச்சா விரிஞ்சிடும்" என்பார். கிட்டத்தட்ட அதே சங்கதி. ஆனால் எல்லா வளையமும் தட்டையானது என்று பேயர் எடுத்துக்கொண்டது தப்பு. ஆறு கார்பன் வளையம் மடங்கி நின்று திரிபைத் தவிர்த்துவிடுகிறது.

ஃப்ராய்ண்டின் பொருளுக்கு முதலில் ட்ரைமெத்திலீன் என்று பெயர். 1892 ஜெனீவா மாநாடு 'சைக்ளோ' என்ற முன்னொட்டைக் கொண்டுவந்தது. அதைத்தான் நம் பாடநூல்கள் 'வளைய' என்றாக்கின. வளைய புரப்பேன்: பாதி தமிழ், பாதி கிரேக்கம். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. யாழ்ப்பாணத்து கிறீன் 1875இல் 'கெமிஸ்தம்' வெளியிட்டதிலிருந்தும், ராஜாஜி முதலானோர் 1916இல் சேலத்தில் கலைச்சொல் சங்கம் தொடங்கியதிலிருந்தும் நாம் இந்தப் பாதிப் பாதியில்தான் இருக்கிறோம். வளையம் என்றதும் கண்ணில் படம் விழுகிறது, அது போதும்.

விழாதது ஆக்சிரேன். வளையத்தில் கார்பனோடு வேற்று அணுவும் இருந்தால் எப்படிப் பெயரிடுவது என்று 1887இல் ஹான்ட்ஷும் 1888இல் விட்மனும் வழி சொன்னார்கள். 'ஆக்ஸ்' என்றால் ஆக்சிஜன். மூன்றைக் குறிக்கும் 'ட்ரி'யிலிருந்து கிள்ளியெடுத்தது 'இர்'. 'டெட்ரா'விலிருந்து எடுத்தது 'எட்', அதாவது நாலு. ஆகவே ஆக்செட்டேன் நாலு உறுப்பு வளையம். இதை எனக்கு யாரும் உடைத்துச் சொல்லவில்லை, மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள். என் மூன்று பதில்களும் அதில் போனவைதான்.

இப்போது ஊரில் சாயங்காலம் சில பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் இதைப் பலகையில் பிரித்து எழினதும் ஒரு பெண் கைதூக்கினாள். "இர்னா ரெண்டு இல்லையா சார்? இருவர், இருமுறைன்னு வருதே. எட்னா எட்டு தானே?"

கிரேக்கத்தில் வெட்டியது தமிழ்க் காதில் இப்படியும் விழும் என்று அந்த இரண்டு பேரும் நினைத்திருக்க மாட்டார்கள். "எட்டுக்கு 'ஓக்' போடணும்மா" என்றேன். அவள் நோட்டில் 'இர் = 3' என்று எழுதி, பக்கத்தில் ஒரு முக்கோணம் போட்டுக்கொண்டாள்.