தண்டவாளத்தின் இரு கரைகள்

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுள் பம்பாய் மாட்டுங்காவைக் கேள்விப்படாதவர் அரியர். பிழைப்பைத் தேடி அந்நகருக்குச் சென்ற நம்மவர், குமாஸ்தாக்களாகவும் சுருக்கெழுத்தாளர்களாகவும், 1930-ஆம் ஆண்டுகளிலிருந்து பெருந்தொகையாகக் குடியேறிய பேட்டை அது. அதைப் பற்றி எழுதுவோர் கோயிலையும், பள்ளிக்கூடத்தையும், காப்பிக் கடையையும் எழுதுவதே வழக்கம். நான் இன்று சொல்லப் புகுவது அப்பேட்டையின் ஓரமாகச் செல்லும் இருப்புப்பாதையைப் பற்றி. அதை மனிதர் கால்நடையாகக் கடந்த வரலாற்றைப் பற்றி. கார் நிறுத்துமிடங்களைப் பற்றிய ஒரு செய்தியும் அதனோடு வந்து சேரும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஐயுறுவோர் சற்றே பொறுத்தருள வேண்டும்.

1853, ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தானா வரை, சுமார் 34 கிலோமீட்டர் தூரம், நாட்டின் முதற் பிரயாணிகள் வண்டி ஓடிற்று. அப்போது தாதரும் மாட்டுங்காவும் வயல்களும் தோப்புகளும் நிறைந்த சிற்றூர்கள். 1864-இல் வேறொரு கம்பெனியின் பாதை மேற்குப் பக்கமாகக் கிராண்ட் ரோடு வரை வந்தது. பம்பாய் ஒடுங்கி நீண்ட ஒரு தீவாதலின், இரு பாதைகளும் தெற்கு வடக்காக ஒன்றுக்கொன்று அருகிலேயே ஓடின. ஊர் தோன்றுமுன்னரே அதைக் கீறும் கோடுகள் தோன்றிவிட்டன என்று சொல்லலாம்.

1896-இல் பிளேக் நோய் நகரைச் சூறையாடியது. அதன் விளைவாக 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு ஏற்பட்டது. காற்றும் வெளிச்சமும் புகாத சந்துகளை இடிப்பதும், வடக்கே புதிய பேட்டைகளை அமைப்பதும் அதன் பணி. தாதர்-மாட்டுங்காத் திட்டம் அவ்வாறு பிறந்ததே. அகன்ற வீதிகள், இருமருங்கும் மரங்கள், வீட்டுக்கும் வீதிக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி, எல்லாம் முன்கூட்டியே வரையப்பட்டன. இன்றும் அவ்வீதிகளில் நடப்பது ஓர் இன்பம். ஆனால் வீதிகளை வரைந்தவர் டிரஸ்டார். தண்டவாளமோ ரயில்வேயாருக்கு உரியது. அதைக் கடக்க வண்டிகளுக்கென மேம்பாலங்கள் எழுந்தன. சயான் மேம்பாலம் 1912-இல் முடிந்தது. கால்நடையாளர் அப்பாலங்களின் ஓரத்தில் ஒதுங்கிச் செல்லலாம். இன்றேல் நிலையத்தின் ஒடுங்கிய படிக்கட்டில் ஏறி இறங்கலாம். இரண்டும் தூரமானால் தண்டவாளத்தின்மீதே நடக்கலாம். பலர் மூன்றாவதையே தேர்ந்தனர்.

இவ்விடத்தில் என் தொழிலைச் சார்ந்த ஒரு குறிப்பு. அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்ப்பது என் ஜீவனம். தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பவனுக்குச் சட்டம் இட்ட பெயரைத் தமிழில் ‘அத்துமீறி நுழைபவன்’ என்று எழுதுகிறோம். 1989-ஆம் ஆண்டின் ரயில்வேச் சட்டம், 147-ஆம் பிரிவின்படி, அவனுக்கு ஆறு மாதம் வரை சிறைவாசமோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். மொழிபெயர்ப்பில் பிழையில்லை. ஆயினும் அச்சொல்லை எழுதுந்தோறும் எனக்கு ஒரு தயக்கம் உண்டாவது வழக்கம். அத்து என்பது எல்லை. கிழக்கே வீடும் மேற்கே வேலையுமாக உள்ளவன் எந்த எல்லையை மீறினான்? அவன் வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே எல்லையை வகுத்தவர் வேறொருவர் அல்லவா?

அவன் மேம்பாலத்தில் ஏறாதது சோம்பலால் என்று சொல்வோர் உண்டு. கணக்கைப் பார்ப்போம். பம்பாயில் 1925, பிப்ரவரி 3 அன்று முதல் மின்சார ரயில் ஓடியது. அதன்பின் தண்டவாளத்துக்கு மேலே மின்கம்பிகள் வந்தன. கம்பிகளுக்கு மேலேதான் நடைபாலம் அமைய வேண்டும். ஆகவே நாற்பதுக்குக் குறையாத படிகள் ஏறி, அத்தனையும் இறங்கவும் வேண்டும். சுமை தூக்கியவருக்கும் முழங்கால் நோவுடையவருக்கும் அது ஒரு சிறு மலை. சுரங்கப்பாதையாயின் அதில் பாதி ஆழம் போதும். ஆனால் பம்பாய் மழையில் அது குளமாகிவிடும்.

2012-இல் அனில் ககோட்கர் தலைமையில் அமைந்த ரயில்வே பாதுகாப்புக் குழு தன் அறிக்கையை அளித்தது. இவ்வாறு கடப்பதால் நாடெங்கும் ஆண்டுதோறும் சுமார் 15,000 பேர் மடிகின்றனர் என்றும், அவருள் ஏறத்தாழ 6,000 பேர் பம்பாய்ப் புறநகர்ப் பாதைகளில் மட்டுமே மடிகின்றனர் என்றும் அக்குழு கூறியது. அதற்குச் சற்று முன்னர், மாட்டுங்காவுக்கு அடுத்துள்ள வடாலாவில் ஒரு புதுமையான சோதனை நடந்தது. பெரிய வண்டி தூரத்திலிருந்து வருகையில் அதன் வேகத்தைக் கண் சரியாக மதிப்பிடுவதில்லை. எனவே தண்டவாளக் கட்டைகளுள் சிலவற்றுக்கு மஞ்சள் வர்ணம் பூசினர்; ஓடிவரும் வண்டி ஒவ்வொரு மஞ்சளையும் விழுங்குவதைப் பார்ப்பவனுக்கு அதன் வேகம் புலப்படும். ஊதலையும் ஒரே நீண்ட ஓசையாக அன்றி இரு குறும் ஓசைகளாக ஊதச் செய்தனர். கடப்பவனைக் குற்றவாளியாகக் கருதாமல், தவறாகக் கணித்த மனிதனாகக் கருதிய முயற்சி என்பதால் எனக்கு அதில் மதிப்புண்டு.

தாதருக்குத் தெற்கே, பரேல் பகுதியில், வரலாறு வேறு விதமாகத் திரும்பிற்று. அது பஞ்சாலைகளின் நாடு. தொழிலாளர் ஆலைக்கு அருகே நீண்ட குடியிருப்புகளில் வசித்தனர். சங்கொலி கேட்டு நடந்தே வேலைக்குச் சென்றனர். 1982, ஜனவரியில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். அதன்பின் பல ஆலைகள் மீளவே இல்லை. அவற்றின் நிலத்தில் பிற்காலத்தில் அடுக்குமாடி அலுவலகங்கள் எழுந்தன. முன்னே நடந்து வந்தவர்களுக்குப் பதிலாக, ரயிலில் வருவோர் ஆயிரமாயிரமாய் வந்திறங்கினர். ஆலை போயிற்று, சங்கு போயிற்று. நடைபாலம் மட்டும் பழைய அகலத்திலேயே நின்றது.

2017, செப்டம்பர் 29, விஜயதசமிக்கு முந்திய நாள். காலையில் திடீரென மழை பெய்தது. எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தையும் பரேல் நிலையத்தையும் இணைத்த பாலத்தின் படிக்கட்டில், வெளியே போக வேண்டியோர் மழைக்காக ஒதுங்கி நிற்க, வண்டிகளிலிருந்து இறங்கியோர் பின்னிருந்து வந்துகொண்டே இருந்தனர். நெரிசலில் 23 பேர் மாண்டனர். பூக்கட்டு ஒன்று சரியவே, ‘ஃபூல் கிர் கயா’, அதாவது பூ விழுந்துவிட்டது என்று எழுந்த குரல், ‘புல் கிர் கயா’, பாலம் விழுந்துவிட்டது என்று பிறர் காதில் ஒலித்ததாகப் பிழைத்தவர் ஒருவர் கூறியதை அக்காலப் பத்திரிகைகள் வெளியிட்டன. ஓர் எழுத்தின் வேற்றுமையையே நாள்தோறும் ஆராய்பவனாகிய எனக்கு அச்செய்தியை மறக்க இயலவில்லை. ஆனால் கூட்டத்துக்கு ஏற்ற பாலத்தில் அந்தக் குரல் எவரையும் கொன்றிராது. அகன்ற பாலம் ஒன்றுக்கு முன்னரே அனுமதி கிடைத்திருந்தது; அது டெண்டர் நிலையைத் தாண்டவில்லை. விபத்துக்குப் பின் இராணுவத்தார் வந்து, 2018, பிப்ரவரிக்குள் புதிய நடைபாலத்தைக் கட்டி முடித்தனர். அவ்வாண்டு ஜூலையில் நிலையத்தின் பெயரும் பிரபாதேவி என மாறிற்று.

இனிக் கார் நிறுத்துமிடத்துக்கு வருவோம். தில்லிப் பெருந்திட்டத்தின் கணக்குப்படி, திறந்த வெளியில் ஒரு காருக்கு 23 சதுர மீட்டரும், தரைக்கு அடியிலுள்ள நிலவறையில் 32 சதுர மீட்டரும் வேண்டும். கார் நிற்கும் இடம் மட்டுமன்று. திரும்பவும், சரிவில் ஏறி இறங்கவும் தேவைப்படும் பாதையும் இதில் அடங்கும். 1920-ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் நாய்காவ், வொர்லி முதலிய இடங்களில் தொழிலாளருக்குக் கட்டிய குடியிருப்புகளில் ஓர் அறையின் அளவு 160 சதுர அடி, அதாவது 15 சதுர மீட்டர். ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அறையைப்போல் இருமடங்குக்கு மேலான இடம் நிலவறையில் ஒரு காருக்கு வேண்டியிருக்கிறது!

பொதுமக்களுக்காகக் கார் நிறுத்துமிடம் கட்டித் தரும் கட்டடக்காரருக்குக் கூடுதல் மாடிகள் கட்ட அனுமதி தரும் விதி பம்பாயில் ஏற்பட்டது. மாடிகள் எழுந்தன, நிறுத்துமிடங்களும் எழுந்தன. ஆயினும் அவற்றுட் பல வெறிச்சோடிக் கிடக்க, வெளியே வீதியோரம் நிரம்பி வழிந்தது. 2019, ஜூலையில் அத்தகைய இடங்களுக்கு அருகே வீதியில் காரை நிறுத்துவோர்க்கு நகராட்சி கடும் அபராதம் விதிக்கத் தொடங்கியது. அபராதத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் காரை விட்டு இறங்கிய மறுகணமே காரோட்டியும் கால்நடையாளன் ஆகிறான் என்பதைத் திட்டம் தீட்டியோர் மறந்தனரோ என்று தோன்றுகிறது. நிலவறையிலிருந்து ஏறிவரும் சரிவு நேரே நடைபாதையை வெட்டிக்கொண்டு வீதியில் முடிந்தால், இருளிலிருந்து வருபவன் கண்ணுக்கு நடப்பவன் தென்படமாட்டான். சரிவின் உச்சியில் ஒரு கார் நீளம் சமதளமாக விட்டால் அவ்விபத்து குறையும். அங்கிருந்து நிலையத்துக்குச் செல்ல நல்ல நடைவழியும் இருந்தால், வீதியில் காரை விட்டுச் செல்பவனுக்குச் சொல்லச் சாக்கு இராது.

2008-இல் பாந்த்ரா நிலையத்திலிருந்து கலாநகர் வரை வான்நடைபாதை ஒன்று கட்டினர். அதுவும் பின்னர்ப் பழுதுற்று இடிக்கப்பட்டது. 2024, ஆகஸ்டில் சயான் மேம்பாலமும் இடிப்பதற்காக மூடப்பட்டது. நம்மவர் நிறைந்த தாராவிக்கும் கிழக்கிலுள்ள சயானுக்கும் நடுவே நூறாண்டுக்கு மேல் உழைத்த பாலம் அது.

மாட்டுங்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைப்பது, வளைந்து செல்லும் தன் உருவத்தால் ‘இசட் பாலம்’ எனப் பெயர் பெற்ற நடைபாலம். சென்ற முறை அங்குள்ள உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, எழுபது கடந்த அத்தையுடன் அதில் ஏறினேன். நடுவழியில் கைப்பிடியைப் பற்றி நின்று, கீழே ஓடும் வண்டிகளைப் பார்த்தவாறே அவர் சொன்னார்: “நல்ல டாக்டர் மேற்கே இருக்கிறார், அப்பா. இந்தப் படிகளை நினைத்துத்தான் கிழக்கே இருப்பவரிடமே காட்டிக்கொண்டிருக்கிறேன்.”